துபாய்த் துறைமுகமும் நமது விளைபொருள் வியாபாரமும்

வெளிநாட்டில் ஒரு விளைபொருளுக்கு நல்ல கிராக்கி உண்டு என்று கேள்வியுற்ற மாத்திரத்தில், உண்மையை விசாரித்தறியாமல் சாகுபடியை மாற்றிக்கொள்வது நஷ்டத்தைத் தரும். கடல் கடந்த வியாபாரம் நமக்கெதற்கு என்று யாதொரு முயற்சியுமின்றி இருந்துவிடுவதும் அவ்வாறே நஷ்டத்தைத் தரும். வாழை, சிறிய வெங்காயம், முருங்கை முதலியவற்றைப் பயிரிடுவோரிடம் தரகர்கள் வந்து, சரக்கைத் துபாய்க்கு அனுப்பினால் இரட்டிப்பு விலை கிடைக்குமென்று கூறுவதுண்டு. துபாய் எத்தகைய சந்தை, அங்குச் சரக்கு எவ்வழியாகச் சென்று எவ்வாறு விலைபோகிறது, எவ்விடத்தில் லாபமும் எவ்விடத்தில் நஷ்டமும் உண்டாகின்றன என்பவற்றை மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நாட்டின் இயல்பு

துபாய் என்பது ஐக்கிய அரபு அமீரகம் என்னும் கூட்டரசில் அடங்கிய ஏழு அமீரகங்களுள் ஒன்று. 1971-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி ஆறு அமீரகங்கள் ஒன்றுகூடி இக்கூட்டரசை நிறுவின. ஏழாவதான ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரியில் சேர்ந்தது. நிலம் பெரும்பாலும் மணற்காடு. வருஷத்திற்கு 100 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெய்கிறது. நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. பேரீச்சையும், குளிர்காலத்தில் கண்ணாடி வீடுகளிலும் வலைக்கூடாரங்களிலும் விளையும் வெள்ளரி, தக்காளி முதலிய காய்கறிகளுமே அங்கு முக்கிய சாகுபடி. ஆகையால் ஜனங்கள் உண்ணும் உணவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. ஜனத்தொகையில் மிகப் பெரும்பாலோர் வேலையின் நிமித்தம் வந்து தங்கியவர்கள். அவர்களில் இந்தியர் மட்டும் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர். அரிசி, பருப்பு, வெங்காயம், வாழைப்பழம், கறிவேப்பிலை ஆகியவை அங்கு நித்தியத் தேவைகளாய் இருப்பதற்குக் காரணம் இதுவே.

வியாபார ஸ்தலமாக வளர்ந்த வரலாறு

துபாயின் செல்வமெல்லாம் மண்ணெண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. எண்ணெய் அகப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே அது வியாபாரப் பட்டினமாய் இருந்தது. கடலுக்கு அப்பால் பாரசீகக் கரையிலுள்ள லிங்கா துறையில் வரிகள் உயர்ந்தபோது, துபாயின் ஆட்சியாளர் தம் துறையில் வரியை நீக்கி, அவ்வியாபாரிகளைத் தம்மிடம் இழுத்துக்கொண்டார். முத்துக் குளித்தல் அக்காலத்தில் பிரதான தொழில். முத்துக்கள் பம்பாய்க்கு வந்து விலைபோயின. ஜப்பானில் முத்துச் சிப்பிகளை வளர்த்து முத்து உண்டாக்கும் முறை பரவியதாலும், உலகெங்கும் வியாபாரம் மந்தமடைந்ததாலும் 1930-க்குப் பின் அத்தொழில் நசித்தது. அதன்பின் துபாய் வாங்கி விற்கும் தொழிலையே நம்பி நின்றது. நம் நாட்டு ரூபாயே 1966 வரையில் அங்கும் புழங்கியது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் அது கைவிடப்பட்டது. 1973 முதல் திர்ஹம் வழங்கிவருகிறது.

1958 முதல் 1990 வரையில் ஆண்ட ஷேக் ராஷித், குவைத்திடம் கடன்பெற்று, மணல் தூர்ந்திருந்த கழிமுகத்தை ஆழப்படுத்தினார். துபாயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966-ல்தான். ஆழப்படுத்தும் வேலை அதற்கு முன்னரே முடிந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. எண்ணெய் வருமானம் வந்தபின் அதையும் துறைமுகங்களிலேயே போட்டனர். 1972-ல் ராஷித் துறைமுகமும், 1979-ல் பட்டினத்திற்குத் தென்மேற்கே பாலைவனக் கரையில் ஜெபல் அலி துறைமுகமும் திறக்கப்பட்டன. கிடைத்த பணத்தைச் செலவழித்துவிடாமல், மழையில்லா வருஷத்திலும் நீர் தரும் கிணறு வெட்டியதற்கு இதனை ஒப்பிடலாம்.

ஜெபல் அலியும் மறு ஏற்றுமதியும்

ஜெபல் அலி துறைமுகத்தில் 2024-ல் இருபதடி அளவுள்ள கன்டெய்னர் கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் பெட்டிகள் ஏற்றியிறக்கப்பட்டன. ஒரு கோடியைச் சுற்றிய ஜனத்தொகையுள்ள நாடு இவ்வளவையும் உண்டு உடுத்தித் தீர்த்துவிட முடியாது. வந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து ஈராக், ஓமன், சவூதி அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய இடங்களுக்குத் திரும்பவும் செல்லுகிறது. இதற்கு மறு ஏற்றுமதி என்று பெயர். பெரிய கப்பலில் வந்த சரக்கு சிறிய கப்பல்களுக்கும், லாரிகளுக்கும், கழிமுகத்தில் இன்றும் நிற்கும் மரக்கலங்களுக்கும் மாற்றப்படுகிறது.

இவ்வியாபாரத்துக்கு வசதியாக 1985-ல் துறைமுகத்தை ஒட்டிச் சுங்கமில்லா வளாகம் ஒன்று அமைக்கப்பட்டது. வெளிநாட்டார் தாமே முழு உரிமையுடன் அங்கு வியாபார ஸ்தாபனம் நடத்தலாம். அவ்வளாகத்திற்குள் வைத்திருக்கும் சரக்கு உள்நாட்டுச் சந்தைக்குள் நுழைந்தாலன்றிச் சுங்கம் கொடுக்கவேண்டியதில்லை. உள்ளே நுழையும் சரக்குக்குப் பொதுவாக நூற்றுக்கு 5 வீதம் சுங்கம். கடலில் வந்த சரக்கை ஆகாய விமானத்திலும், விமானத்தில் வந்ததை லாரியிலும் தாமதமின்றி மாற்றுவதற்கு, பக்கத்திலேயே 2010-ல் மற்றொரு விமான நிலையமும் திறக்கப்பட்டது.

இதனால் நாம் அறியவேண்டியது யாதெனில், துபாய் வியாபாரி நமது சரக்கைத் தம் நாட்டு ஜனங்களுக்காக மட்டும் வாங்குவதில்லை. பிறருக்கு விற்பதற்காகவும் வாங்குகிறார். பிறருக்கு வாக்குக் கொடுத்தவருக்கு மலிவான சரக்கைவிடச் சொன்ன நாளில் சொன்ன தரத்தில் வந்துசேரும் சரக்கே முக்கியம். நாம் தவறினால் பிலிப்பைன்ஸ், ஈகுவடார், எகிப்து, பாகிஸ்தான் முதலிய நாடுகளின் சரக்கு அதே கிடங்கில் தயாராயிருக்கிறது.

கடல் வழியும் அதன் இடர்களும்

மும்பைக்கு அடுத்த நவசேவாவிலிருந்து ஜெபல் அலி சுமார் 1,200 கடல் மைல். நேராகச் செல்லும் கப்பல் சில தினங்களில் சேர்ந்துவிடும். கொச்சியிலிருந்து தூரம் சிறிது அதிகம். தூத்துக்குடியிலிருந்து செல்லும் பெட்டி, கொழும்பு போன்ற இடைத்துறையில் வேறு கப்பலுக்கு மாற்றப்படுமாயின் நாட்கள் கூடும். மாற்றுக் கப்பல் தவறிவிட்டால் மேலும் கூடும். ஆகவே, தேசப்படத்தில் காணும் தூரத்தைவிட, தோட்டத்தில் அறுத்த நாள் முதல் அங்குக் கிடங்கில் இறக்கும் நாள் வரையில் ஆகும் மொத்த நாட்களையே கணக்கிடவேண்டும்.

ஜெபல் அலி, ஹார்முஸ் ஜலசந்திக்கு உட்புறத்தில் இருக்கிறது. அந்த ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் சுமார் 21 கடல் மைல் அகலமே உள்ளது. 1980 முதல் 1988 வரையில் நடந்த ஈரான்–ஈராக் யுத்தத்தில் அப்பகுதியில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஜலசந்திக்கு வெளியே ஓமன் வளைகுடாக் கரையிலுள்ள கோர் பக்கான், புஜைரா ஆகிய துறைகள் அத்தகைய காலங்களில் பயன்படுவன. அங்கிறக்கிய சரக்கை லாரிகளில் மலைப்பாதை வழியாகத் துபாய்க்குக் கொண்டுசெல்லலாம். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. அதனால் கப்பல்களும் காலிப் பெட்டிகளும் அரிதாகி, அவ்வழியிற் செல்லாத சரக்குக்கும் கூலி உயர்ந்தது. ஆகையால் கப்பல் கூலி, யுத்த இன்சூரன்ஸ், வழியின் நிலைமை ஆகியவற்றை ஒப்பந்தம் எழுதும் தினத்திலேயே கேட்டறிய வேண்டும். சென்ற பருவத்துக் கணக்கை இந்தப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாகாது.

வாழை: ஓர் உதாரணம்

சரக்குச் செல்லும் முறையை விளக்க வாழையை எடுத்துக்கொள்வோம். வளைகுடா நாடுகளில் பெருவாரியாக விலைபோவது கிராண்ட் நைன் என்னும் ரகம். தேனி ஜில்லாவில் கம்பம், சின்னமனூர் பக்கங்களில் இது ஏற்றுமதிக்கென்றே பயிராகிறது.

பழம் மரத்தில் பழுத்தபின் அறுத்தால் வழியிலேயே கெட்டுவிடும். முக்கால் பங்கிற்குச் சற்று மேல் முற்றி, காயின் விளிம்புகள் இன்னும் புலப்படும் நிலையிலேயே தாரை வெட்டவேண்டும். வெட்டிய தாரைத் தரையில் போடாமலும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமலும் கட்டிடத்துக்குக் கொண்டுசென்று, சீப்புச் சீப்பாகப் பிரித்து, பால் கறை நீங்கப் படிகாரம் கலந்த நீரில் கழுவி, ஈரம் உலர்த்தி, அட்டைப் பெட்டிகளில் அடுக்குகின்றனர். பெட்டி ஒன்றுக்கு 13 கிலோ அளவு. நாற்பதடிக் குளிர்க் கன்டெய்னர் ஒன்றில் 1,540 பெட்டிகள், அதாவது சுமார் 20 டன் கொள்ளும். உள்ளே உஷ்ணம் 13 முதல் 14 டிகிரி சென்டிகிரேடு வரையில் இருக்கவேண்டும். அதற்குக் கீழே வெகுவாகக் குறைந்தால் தோல் கறுத்துப்போகும். அதிகமானால் வழியில் பழுத்துவிடும். காய் பச்சையாகவே துபாய்க்குச் சேர்ந்து, அங்குள்ள பழுக்கவைக்கும் அறைகளில் எத்திலீன் வாயுவினால் ஒரே சீராகப் பழுக்கவைக்கப்பட்டுக் கடைக்குச் செல்லும்.

இம்முறையில் எங்கு தவறு நேரினும் அது துபாயில்தான் வெளிப்படும். அறுத்த தினத்தில் வெயிலில் கிடந்த தாரும், முற்றல் வேறுபட்ட சீப்பும் பெட்டிக்குள் ஒரே நிறமாய்த்தான் தோன்றும். ஒரு பழம் முந்திப் பழுத்தால், அதிலிருந்து வரும் வாயு பக்கத்துப் பெட்டிகளையும் பழுக்கச்செய்யும். 1,540 பெட்டிகளில் பத்தில் ஒன்று கெட்டதென்று வைத்துக்கொண்டால், நஷ்டமாவது 154 பெட்டிகள் மட்டுமன்று. அவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த அட்டைப் பெட்டி விலை, கப்பல் கூலி, குளிர்ச் செலவு யாவும் மிஞ்சிய 1,386 பெட்டிகளின் தலையில் விழும்; வாங்குவோரும் முழுச் சரக்குக்கும் விலையைக் குறைத்துக் கேட்பார். துறைமுகம் எவ்வளவு விசாலமாயினும், கப்பல் எவ்வளவு விரைவாயினும், தோட்டத்தில் கெட்டதை அவை திருத்தமாட்டா. அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பது இவ்வியாபாரத்துக்கும் பொருந்தும்.

விலைபோகும் விதமும் காலமும்

துபாயில் அல் அவீர் என்னுமிடத்திலுள்ள மத்திய காய்கறி, பழச் சந்தையில் மொத்த வியாபாரம் நடைபெறுகிறது. சரக்கு விற்பனைக்கு இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, விலையை முன்னரே பேசி முடித்து அனுப்புவது. இரண்டாவது, விலை பேசாமல் அனுப்பி, சந்தையில் விற்ற விலையிலிருந்து கமிஷனும் செலவும் போக மீதியைப் பெறுவது. இரண்டாவது முறையில் சந்தை மந்தமானாலும், சரக்கு பழுதானாலும் நஷ்டம் முழுவதும் அனுப்பியவரையே சாரும். மீதி ஒன்றுமில்லை என்று கணக்கு வருவதும் உண்டு. முன்பின் அறியாத ஒருவருக்கு இம்முறையில் அனுப்புவது கூடாது.

அங்கு விற்கும் சில்லறை விலையைக் கேட்டு மயங்குவதும் தவறு. அதிலிருந்து கடைக்காரர் லாபம், பழுக்கவைக்கும் கூலி, சந்தைக் கமிஷன், துறைமுகச் செலவு, கப்பல் கூலி, இன்சூரன்ஸ், இங்குள்ள லாரி வாடகை, பெட்டி விலை, அறுப்புக் கூலி, தரம் பிரித்ததில் தள்ளுபடியான காயின் விலை ஆகிய யாவற்றையும் கழித்து மிஞ்சுவதே தோட்டத்து விலை. அது உள்ளூர் மண்டி விலையைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்தபின்பே முடிவுசெய்ய வேண்டும்.

காலத்தையும் அறியவேண்டும். ரமலான் மாதத்தில் பழங்களுக்குக் கிராக்கி உயரும். அது சந்திர மாதமாதலால், பிரதி வருஷமும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருகிறது. நடவு நாளை அதற்கேற்ப மாற்றவேண்டும். பொங்கல், ஓணம் சமயங்களில் வாழையிலை, கரும்பு, காய்கறி முதலியன விமானத்திலும் செல்லும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கடுங்கோடையில் விடுமுறையை முன்னிட்டுப் பலர் சொந்த ஊர் திரும்புவதால் விற்பனை குறையும். குளிர்காலத்தில் உள்நாட்டுக் காய்கறிகள் போட்டிக்கு வரும்.

சர்க்கார் உத்தரவுகள்

இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் 2022 பிப்ரவரி 18-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் அவ்வருஷம் மே 1 முதல் அமலில் உள்ளது. அதனால் பெரும்பாலான இந்தியச் சரக்குகளுக்கு அங்குச் சுங்கச் சலுகை உண்டு. சலுகை பெறுவதற்கு, சரக்கு இந்தியாவில் விளைந்தது என்னும் மூலச் சான்றிதழ் அவசியம். எனினும் புதிய காய்கறி, பழங்களிற் பலவற்றுக்கு அங்கு முன்னரே சுங்கமில்லையாதலால், சலுகையினாலேயே வியாபாரம் பெருகிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

உத்தரவுகளால் வழி அடைபடுவதும் உண்டு. 2023 டிசம்பர் 8-ல் இந்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து, 2024 மே 4-ல் குறைந்தபட்ச விலையும் நூற்றுக்கு 40 வீத வரியும் விதித்துத் தடையை நீக்கினர். அவ்வரி பின்னர்க் குறைக்கப்பட்டு 2025 ஏப்ரல் 1 முதல் ரத்தாயிற்று. இடைப்பட்ட காலத்தில், அமீரகத்துக்கென்று குறிப்பிட்ட அளவு மட்டும் சர்க்கார் மூலம் அனுப்ப அனுமதிக்கப்பட்டது. வாங்கும் நாடும் தடை விதிக்கும். பூச்சிமருந்தின் மிச்சம் அளவுக்கு மேல் இருந்ததற்காக 2014-ல் சவூதி அரேபியா இந்தியப் பச்சை மிளகாயை நிறுத்தியது. அதே காரணத்தால் 2017-ல் அமீரகம் எகிப்து, ஜோர்டான், ஓமன், லெபனான், யேமன் ஆகிய நாடுகளின் சில காய்கறி, பழங்களை நிறுத்தியது. 2018 மே மாதத்தில் நிபா நோயை முன்னிட்டுக் கேரளத்திலிருந்து வரும் பழம், காய்கறிகள் யாவும் அமீரகத்தில் நிறுத்தப்பட்டன. மருந்தை அளவின்றித் தெளித்தவர் ஒருவராயினும், தடை விழும்போது ஒழுங்காகப் பயிர்செய்தவர்களும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றனர். ஆதலால் அயலாரின் தெளிப்பு முறை நமக்கு வேண்டாத விஷயமன்று.

தஸ்தாவேஜுகளும் பணம் வரும் வழியும்

ஏற்றுமதி செய்வோருக்கு, இறக்குமதி ஏற்றுமதிக் குறியெண்ணும், அபேடா என்னும் விவசாயப் பொருள் ஏற்றுமதி அபிவிருத்தி ஸ்தாபனத்தில் பதிவும் இருக்கவேண்டும். சரக்குடன் பயிர் நோயற்றது என்னும் சான்றிதழ், மூலச் சான்றிதழ், விலைப்பட்டியல், பெட்டிகளின் ஜாபிதா, பில் ஆப் லேடிங் என்னும் கப்பல் ரசீது ஆகியவை செல்லவேண்டும். பெட்டிமேல் எழுதிய எடைக்கும் ஜாபிதாவுக்கும் வித்தியாசமிருந்தால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். அழுகும் பொருளுக்கு ஒரு தினத் தாமதமும் பெருநஷ்டம்.

பணத்தைப் பொறுத்தவரையில், லெட்டர் ஆப் கிரெடிட் என்னும் பாங்கி உறுதிக் கடிதம், அல்லது ஒரு பகுதி முன்பணமும் மீதி கப்பல் ரசீதைப் பாங்கி மூலம் கொடுக்கும்போதும் என்னும் ஏற்பாடு பத்திரமானது. வாங்குவோர் பணம் கொடாவிடில் ஈடுசெய்யும் இன்சூரன்ஸை, 1957-ல் ஏற்பட்ட இ.சி.ஜி.சி. என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம் அளிக்கிறது. இவை ஏற்றுமதி வியாபாரிக்குரிய பாதுகாப்புகள். விவசாயி சரக்கை வியாபாரிக்கு விற்பவராயின், துபாயிலிருந்து பணம் வந்தபின் தருகிறேன் என்னும் பேச்சை ஏற்காமல், எடை போட்ட இடத்தில் விலையையும் தவணையையும் எழுத்தில் பெறுவது நலம்.

செய்யவேண்டியவை

மேற்கண்டவற்றை ஆலோசித்து, இவ்வியாபாரத்தில் இறங்க விரும்புவோர் அடியிற்கண்டவற்றை அனுஷ்டிப்பது நன்று.

1. தனித்தனியாக முயலவேண்டாம். ஒரு தோட்டத்தில் தார்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. வாரந்தோறும் ஒரு கன்டெய்னர் நிரப்ப ஒருவரால் இயலாது. உழவர் உற்பத்தியாளர் ஸ்தாபனமாகச் சேர்ந்து, நடவைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்தால் சரக்கு தவறாமல் கிடைக்கும்.

2. முதல் வருஷத்தில் நிலத்தின் ஒரு பாகத்தை மட்டுமே இதற்கு ஒதுக்குக. வழி அடைபட்டால் உள்ளூர் மண்டியில் விற்கக்கூடிய ரகமாயிருத்தல் வேண்டும்.

3. தெளித்த மருந்தின் பெயர், அளவு, தேதி, அறுப்புத் தேதி ஆகியவற்றை ஒவ்வொரு வயலுக்கும் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். மருந்துக்கும் அறுப்புக்கும் இடையில் விடவேண்டிய நாட்களைக் குறைக்கலாகாது.

4. குளிர்க் கிடங்கும், தரம் பிரிக்கும் கட்டிடமும் அருகில் இல்லாத இடத்தில் ஏற்றுமதிக்கென்று சாகுபடி செய்யவேண்டாம். அவற்றை முதலில் ஏற்படுத்திக்கொண்டு பின்னர் நடவைப் பற்றி யோசிக்கலாம்.

5. சரக்குக் கேட்டு வருபவரின் குறியெண்ணையும் அபேடாப் பதிவையும் கேட்டு, அவை உண்மையானவையா என்று பார்த்தபின்பே பேச்சை நடத்துக.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பயிர், எவ்வளவு விஸ்தீரணம் என்பது அடங்கலில் பிழையின்றி இருந்தால்தான், சரக்கு இன்ன தோட்டத்தில் விளைந்தது என்று வாங்குவோருக்குக் காட்டமுடியும். பயிரை நேரில் பாராமல் சென்ற வருஷத்துப் பதிவையே திரும்ப எழுதுவது, ஒரு கிராமத்தின் சரக்கு முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். வெளியூர்த் தரகர் முன்பணம் கொடுத்துச் சாகுபடி ஒப்பந்தம் எழுதும்போது, அதன் ஷரத்துக்களைக் குடியானவர்களுக்குப் படித்துச் சொல்லுவதும் பெரிய உதவியாகும்.

துபாய், தான் விளைவிக்காத பொருளை வாங்கி, தான் உண்ணாத பொருளை விற்று வாழும் பட்டினம். ஒழுங்கான சரக்குக்கு அங்கு இடமுண்டு. ஒழுங்கற்ற சரக்குக்கு எங்கும் இடமில்லை. இம்முறைகளை நம்மவர் தோட்டத்திலேயே கைக்கொள்ளுவார்களாயின், துபாய்க்கு அனுப்பினும் அனுப்பாவிடினும், உள்ளூர் மண்டியிலும் அவர்கள் சரக்குக்கு மதிப்பு உயரும் என்பதில் ஐயமில்லை.